இரண்டு நிமிடத்துக்கு ஒரு நொடி குறைவு

டம்ளரைச் சாய்த்துப் பிடி,
முக்கால்வாசி ஊற்று, வை, காத்திரு.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு நொடி குறைவு,
கம்பெனிக்காரன் கணக்கு.
குமிழிகள் சுவரோரமாகக் கீழே விழுகின்றன,
விழ விழ மேலே வெள்ளை தடிக்கிறது.
எப்படி என்று மூன்று வருடமாகப் பார்க்கிறேன்,
பிடிபடவில்லை.
அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு.

"டப்ளினில் குடிக்க வேண்டும்.
லிவர்பூலில் ஊற்றுவதெல்லாம் வெறும் தண்ணீர்"
என்கிறார் மாலகி.
டப்ளினை விட்டு வந்து நாற்பத்தொரு வருடம்.
இடையில் மூன்று முறை போயிருக்கிறார்:
ஆஸ்பத்திரி, அடக்கம், சொத்துத் தகராறு.
எப்போது குடித்தீர்கள் என்று
நான் கேட்டுக்கொள்வதில்லை.

"ருசி பார்க்கிற சாமானா இது? சாப்பாடு!"
இது கன்செப்டா, பஸ் டிப்போவில் இரவுப் பொறுப்பாளர்.
அவள் அம்மாவுக்கு ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும்
தினம் அரை டம்ளர் கொடுத்தார்களாம்,
இரும்புச் சத்து என்று.
"இரும்பும் இல்லை துரும்பும் இல்லை"
என்கிறாள் அடுத்த நாற்காலி நர்ஸ்.
ஒரு மிடறு விழுங்கி, கொஞ்சம் யோசித்து,
"ஆனால் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது" என்கிறாள்.

காலேஜ் பையன்கள் ஐந்து பேர்.
முதல் இழுப்பிலேயே நுரைக்கோடு இறங்கி
டம்ளரில் அச்சிட்ட எழுத்தின்
நட்டநடுவில் நிற்க வேண்டுமாம்.
நின்றால் கூச்சல், போட்டோ.
நிற்காவிட்டால் இன்னொரு பைண்ட்.
ருசி எப்படி என்றேன்.
எதன் ருசி என்றார்கள்.

போலந்து எலக்ட்ரீஷியன் ஸ்பிஷெக்குக்கு
இது கருகிய ரொட்டியைக் கழுவிய தண்ணீர்.
வாரம் நான்கு நாள் வந்து
காசு கொடுத்து அதைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

ஒருநாள் கூரியர் வேனை நிறுத்திவிட்டு வந்தார் நிருத்தன்.
கடைசித் துளிவரை குடித்தார்.
உதட்டைத் துடைத்துக்கொண்டு தமிழில் என்னிடம்,
"எங்கட சிங்க மார்க் கறுப்புக்கு முன்னாலை
இது பிள்ளைப்பால், தங்கச்சி.
நுரை மட்டும் நல்லாயிருக்கு."
என்ன சொல்கிறார் என்றார் மாலகி.
ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்றேன்.

இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று
எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
செவ்வாய்தோறும் காலையில்
நிலவறையில் இறங்கி
பீப்பாயிலிருந்து மேலே வரும் குழாயை
ஊதா மருந்து விட்டுக் கழுவுகிறவள் நான்.
மருந்து போக, தண்ணீர் போக,
கறுப்பு சுத்தமாக வரும்வரை
வாளி வாளியாகக் கொட்டுகிறவள்.
டப்ளினாவது, இரும்பாவது,
ருசி என்பது என் முழங்கால் வலி
என்று கொஞ்சம் கர்வம்கூட.

போன மாதம் காய்ச்சல்.
இரண்டு செவ்வாய் குழாய் கழுவவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை பயந்து பயந்துதான் ஊற்றினேன்.
மாலகி ஒரு வாய் குடித்தார்.
டம்ளரைக் கீழே வைத்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
"பெண்ணே, இதுதான். இதுவேதான். டப்ளின்."
கண் கலங்கியிருந்தது.
கன்செப்டா எழுந்து வந்து ஒரு வாய் பார்த்து
ஆமாம் என்றாள்.
ஸ்பிஷெக் மட்டும்
வழக்கம்போல் கருகிய ரொட்டி என்றான்.
முதல் தடவையாக அவன்மேல் மரியாதை வந்தது.

கடை மூடியபின் நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன்.
லேசான புளிப்பு,
அடியில் ஈயக்காசு நக்கியது போல ஒன்று.
துப்பிவிட்டேன்.

சொல்லலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.
செவ்வாய்க்கிழமை இறங்கி,
வழக்கத்தைவிட ஒரு வாளி கூடுதலாகக் கொட்டிக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை.
சாய்த்துப் பிடித்து, முக்கால் ஊற்றி, வைத்து, காத்திருந்து,
மீதியையும் ஊற்றி நகர்த்தினேன்.
மாலகி குடித்தார். முகம் சுளித்தார்.
"மறுபடியும் தண்ணீர்."
அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவர் போனபின் டம்ளரை எடுத்தேன்.
உள்சுவரில் ஏழு வெள்ளை வளையம்,
ஒன்றன்கீழ் ஒன்றாக,
மிடறுக்கு ஒன்று,
இடைவெளி பிசகாமல்.

கழுவப் போட்டேன்.